மிக மெல்லிய மடிக்கணினி: அழகையும் வேகத்தையும் எடைபோட்டு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

மெல்லிய மடிக்கணினி ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டால் மனம் உடனே முடிவெடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் விவரப் பட்டியலைப் பிரிக்கிறோம். அப்போது அதில் தேடுவது, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கான காரணங்களை மட்டுமே. நான் தேர்ந்தெடுக்க உதவிய பலர் இந்த வழியில்தான் போனார்கள். என் முதல் மெல்லிய கணினியை நானும் இப்படித்தான் வாங்கினேன். மூன்று மாதங்களில் அதன் விசிறிச் சத்தத்தோடும் சூட்டோடும் போராடிக்கொண்டிருந்தேன்.

கீழே உள்ள படிகள் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகின்றன. அழகு எட்டாவது படியில் வருகிறது. முதல் ஏழு படிகளைத் தாண்டி இரண்டு மூன்று மாதிரிகள் மிஞ்சும். அவற்றில் மனத்துக்குப் பிடித்ததைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் மூன்று பொருட்கள் வேண்டும்: இப்போது பயன்படுத்தும் கணினி (பழையதானாலும் போதும்), வீட்டில் இருக்கும் ஒரு தராசு, ஒரு குறிப்பேடு. வாங்கும் இடத்தில் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கடைசிப் படி அந்த அவகாசத்தை நம்பித்தான் இருக்கிறது.

1. ஒரு வாரம் உங்கள் வேலையைக் குறித்து வையுங்கள்

"எனக்கு வேகமான கணினி வேண்டும்" என்பதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. கணினி உங்களைக் காக்க வைக்கும் ஒவ்வொரு முறையும், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் போதும்.

வார முடிவில் இந்தக் குறிப்பிலிருந்து ஒரே ஒரு எண் வேண்டும்: உங்கள் மிகக் கனமான வேலை இடைவிடாமல் எத்தனை நிமிடம் ஓடுகிறது? ஒரு பெரிய அட்டவணையைத் திறக்க எட்டு விநாடி ஆகலாம், நூறு புகைப்படங்களை ஏற்றுமதி செய்ய ஆறு நிமிடம் ஆகலாம், ஒரு காணொளியை உருவாக்கி முடிக்க நாற்பது நிமிடம் ஆகலாம். எட்டு விநாடி வேலைக்கும் நாற்பது நிமிட வேலைக்கும் தேவைப்படும் கணினிகள் வேறு வேறு. ஏன் என்பது மூன்றாம் படியில் புரியும்.

இங்கே பலர் தடுமாறுவது, செய்யும் வேலையை விட்டுவிட்டுச் செய்ய ஆசைப்படும் வேலையை எழுதுவதில்தான். என்றாவது காணொளித் தொகுப்பு கற்றுக்கொள்வேன் என்பது நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்காக வாங்கும் கூடுதல் எடையைத் தினமும் தோளில் சுமக்க வேண்டியிருக்கும்.

2. எடைக்கு ஒரு வரம்பு போடுங்கள், மெலிவுக்கு வேண்டாம்

மெலிவும் எடைக் குறைவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். எல்ஜி நிறுவனத்தின் 'கிராம்' என்ற பெயருள்ள 17 அங்குல மடிக்கணினி சுமார் 1.35 கிலோ. மெக்னீசியக் கலவை உடல் அந்த எடைக் குறைவுக்கு உதவுகிறது. 2022இல் வந்த, ஆப்பிளின் எம்2 சில்லுள்ள மேக்புக் ஏர் 1.24 கிலோ, தடிமன் 11.3 மில்லிமீட்டர். திரை அளவில் இரண்டுக்கும் ஏறக்குறைய மூன்றரை அங்குல வித்தியாசம் இருந்தும், எடையில் சுமார் 110 கிராம்தான் கூடுதல். கையில் எடுத்தால் மேக்புக் ஏர் கெட்டியாகத் தெரியும், எல்ஜி கிராம் உள்ளீடற்றது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி எடையை மதிப்பிடக் கூடாது.

மில்லிமீட்டர் கண்ணுக்கு, கிராம் முதுகுக்கு. நடந்து போகிறவர்களுக்கு 14 மில்லிமீட்டருக்கும் 17 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு பைக்குள் போனதும் மறைந்துவிடும். 300 கிராம் மறையாது.

தராசில் இப்போதைய கணினியைச் சார்ஜரோடும் கம்பியோடும் வைத்து எடை பாருங்கள். விவரப் பட்டியலில் சார்ஜரின் எடை இருக்காது. ஒரு கிலோ கணினிக்கு அரைக் கிலோ சார்ஜர் என்றால் அது ஒன்றரைக் கிலோ கணினிதான். மொத்த எடைக்கு ஒரு வரம்பு எழுதி வையுங்கள். அதைத் தாண்டும் மாதிரிகள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பட்டியலில் சேர வேண்டாம்.

3. செயலியின் பெயரை விடுங்கள், வாட்டைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரே பெயருள்ள செயலி இரண்டு கணினிகளில் இரண்டு வேகத்தில் ஓடும். செயலி உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. எவ்வளவு வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்ற முடியுமோ, அவ்வளவு வாட்டைத்தான் தயாரிப்பாளர் செயலிக்கு அனுமதிப்பார். மெல்லிய உடலில் வெப்பக் குழாயும் விசிறியும் சிறியவை, அதனால் அனுமதியும் சிறியது.

ஓர் உதாரணம். இன்டெலின் 12ஆம் தலைமுறையில் கோர் ஐ7-1255யு, கோர் ஐ7-1260பி என இரண்டு செயலிகள் உண்டு. பெட்டியின் மேல் இரண்டுமே "ஐ7" தான். முதலாவதன் அடிப்படை மின்வரம்பு 15 வாட், அதில் 2 செயல்திறன் கருக்கள் (கனமான வேலையைச் செய்யும் வேகமான பகுதிகள்). இரண்டாவதன் வரம்பு 28 வாட், 4 செயல்திறன் கருக்கள். பெயரின் கடைசி எழுத்தில் இவ்வளவு வித்தியாசம் அடங்கியிருக்கிறது.

அடுத்தது நேரம். 15 வாட் என்று குறிக்கப்பட்ட அந்த 1255யு, சிறிது நேரத்துக்கு 55 வாட் வரை எடுக்கலாம் என்று இன்டெலே வரையறுத்திருக்கிறது. பாயும் வேகத்துக்கு ஒரு வரம்பு, நீடிக்கும் வேகத்துக்கு வேறொரு வரம்பு. கணினி குளிர்ந்திருக்கும்போது முதல் சில விநாடிகள் பாயும், சூடேறியதும் நீடிக்கும் வரம்புக்கு இறங்கிவிடும். எட்டு விநாடியில் முடியும் வேலைக்கு மெல்லிய கணினியும் தடித்த கணினியும் பெரும்பாலும் ஒன்றுதான். நாற்பது நிமிட வேலையில் முதல் நிமிடத்துக்குப் பிறகு நடப்பதெல்லாம் நீடிக்கும் வரம்பின் ஆட்சி. முதல் படியில் நிமிடக் கணக்கை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

இதைக் கேட்டு மெல்லிய கணினியை ஒதுக்கிவிட வேண்டாம். வாட் பாதியானால் வேகம் பாதியாவதில்லை. செயலியின் அதிர்வெண்ணை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும், மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆகவே உச்சியில் கிடைக்கும் கடைசித் துளி வேகம்தான் மிக அதிக மின்சாரத்தைத் தின்கிறது. அந்த உச்சியை விட்டுக்கொடுத்தால் வெப்பம் வெகுவாகக் குறையும், வேகம் கொஞ்சம்தான் குறையும். நன்றாக வடிவமைத்த மெல்லிய கணினிகள் வாழ்வது இந்தக் கணக்கில்தான்.

விளையாட்டு, காணொளி போன்றவற்றின் படங்களை உருவாக்கும் தனி வரைகலைச் சில்லு உள்ள மாதிரிகளில் இந்தப் பிரச்சினை இன்னும் பெரியது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினிச் சில்லை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த வரம்பிலும் பொருத்தலாம். பெயர் ஒன்றே. குறைந்த வாட்டில் அடைக்கப்பட்ட 4060ஐ, முழு வாட் கிடைக்கும், அதற்கு ஒரு படி கீழான 4050 முந்திவிடக் கூடும். விவரப் பட்டியலில் சில்லின் வாட் எண் இல்லாவிட்டால், அது கிடைக்கும்வரை அந்த மாதிரியைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

இதையெல்லாம் எங்கே தேடுவது? மதிப்புரைகளில் முதல் ஓட்டத்தின் எண்ணைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோடு எங்கே சமநிலைக்கு வருகிறதோ, அதுதான் நீங்கள் வாங்கும் கணினியின் வேகம்.

4. விசிறி வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

2022இல் எம்2 சில்லுடன் ஆப்பிள் இரண்டு கணினிகளை விற்றது. மேக்புக் ஏரில் விசிறி இல்லை. 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இருந்தது, அது 1.4 கிலோ. குறுகிய வேலைகளில் இரண்டும் தோளோடு தோள் நின்றன. நீண்ட ஏற்றுமதியில் ஏர் வேகத்தைக் குறைத்துக்கொண்டது, ப்ரோ குறைக்கவில்லை. சில்லு ஒன்றாக இருக்கும்போது விசிறி எதை வாங்கித் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைக்காது.

உங்கள் கனமான வேலை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால் விசிறியில்லாத கணினியை மனநிறைவோடு வாங்குங்கள். அந்த அமைதி பெரிய வரம். தூசி உறிஞ்சப்படுவதில்லை, நள்ளிரவில் எழுதும்போது அறையில் வேறு ஒலி இல்லை. பத்து நிமிடத்தைத் தாண்டும் வேலை அன்றாடம் இருந்தால் விசிறி வேண்டும். இடைப்பட்டவர்கள், காத்திருப்பதா சத்தம் கேட்பதா, எது தங்களை அதிகம் எரிச்சலூட்டும் என்று கேட்டுக்கொள்ளலாம்.

விசிறி உண்டு என்பதால் மட்டும் நிம்மதி இல்லை. சிறிய விசிறி அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுழல வேண்டும். வேகமாகச் சுழன்றால் ஒலியின் சுருதி ஏறும். டெசிபல் எண் ஒன்றாக இருந்தாலும் தாழ்ந்த இரைச்சலைக் காது பொறுத்துக்கொள்ளும், கீச்சொலியைப் பொறுக்காது. மதிப்புரைக் காணொளிகளில் விசிறியின் ஒலிப்பதிவு இருந்தால் ஹெட்போன் அணிந்து கேளுங்கள்.

தொடு வெப்பத்தையும் மறக்க வேண்டாம். பல செயலிகள் 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், உங்கள் தொடை 45 டிகிரியையே பொறுக்காது. உலோகம் வெப்பத்தைக் கைக்கு வேகமாகக் கடத்துவதால், அதே வெப்பநிலையில் பிளாஸ்டிக்கைவிட அதிகமாகச் சுடுவது போலத் தோன்றும். அதனால் அழகான உலோக உடலுள்ள கணினிகளில், சில்லு தாங்கும் எல்லை வருவதற்கு முன்பே மேற்பரப்பின் சூட்டைப் பார்த்து வேகம் குறைக்கப்படுவது உண்டு. மடியில் வைத்தே வேலை செய்பவர் என்றால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். காற்றுத் துளைகள் அடிப்பக்கம் உள்ள கணினியை மெத்தையில் வைத்தால் மூச்சடைக்கும் என்பதும் இதோடு சேர்ந்தது.

5. பிறகு மாற்ற முடியாததை இப்போதே போதுமான அளவு வாங்குங்கள்

மெல்லிய கணினிகள் பெரும்பாலானவற்றில் ரேம் (ஓடும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் செயலியின் தொகுப்புக்குள்ளேயே வருகிறது. 16 அல்லது 32 கிகாபைட், அதற்கு மேல் வழியே இல்லை. எனவே நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தேவைப்படுவதை இன்றே கணிக்க வேண்டும்.

என் கருத்து இது: செயலியில் ஒரு படி இறங்கி, ரேமில் ஒரு படி ஏறுங்கள். மெல்லிய உடலில் மேல்படிச் செயலி தன் கூடுதல் திறனைக் காட்ட வெப்ப இடம் இருக்காது. கூடுதல் ரேம் வெப்ப இடத்துக்காகக் காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே பயன் தரும். உலாவியும் எழுதும் மென்பொருளும் மட்டும் என்றால் 16, புகைப்படம், காணொளி, நிரலாக்கம் என்றால் 32.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி சில மாதிரிகளில் கழற்றி மாற்றக்கூடியது, சிலவற்றில் முடியாது. கேட்டு உறுதி செய்யுங்கள். முடியாது என்றால் இப்போது நிரம்பியிருக்கும் அளவைப் போல் இரண்டு மடங்கு எடுங்கள்.

செயலியின் குடும்பமும் மாற்ற முடியாத ஒன்றுதான். ஆர்ம் வகைச் செயலியுள்ள (இன்டெல், ஏஎம்டி வகையிலிருந்து வேறுபட்ட கட்டமைப்பு) விண்டோஸ் கணினிகள் பேட்டரியில் நன்றாக நீடிக்கின்றன. ஆனால் உங்கள் பழைய அச்சுப்பொறி, அலுவலகப் பாதுகாப்பு மென்பொருள், சிறப்புக் கருவிகள் ஆகியவற்றுக்கு அதற்கேற்ற இயக்கி மென்பொருள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். ஒன்று விடுபட்டாலும் அன்றாட வேலை நின்றுவிடலாம்.

6. திரையையும் பேட்டரியையும் ஒரே கணக்கில் வையுங்கள்

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது வழக்கமான தவறு. மெல்லிய கணினியில் சாதாரண வேலையின்போது மின்சாரத்தில் பெரும் பங்கை எடுப்பது திரைதான்.

கணக்கு எளிது. பேட்டரியின் வாட்-மணியை (அது சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) சராசரி வாட் செலவால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். 54 வாட்-மணி பேட்டரி, 6 வாட் செலவு என்றால் 9 மணி நேரம். திரை இன்னும் 3 வாட் கேட்டால் அது 6 மணி நேரம். செலவு குறைவாக இருக்கும் இடத்தில்தான் ஒவ்வொரு வாட்டும் இவ்வளவு கனக்கிறது. விமானப் பயணத்தில் முன் அனுமதி இல்லாமல் 100 வாட்-மணி வரைதான் பொதுவாகக் கொண்டுசெல்ல முடியும் என்பதால், எவ்வளவு பெரிய கணினியிலும் பேட்டரி அந்த எண்ணை ஒட்டியே நின்றுவிடுகிறது. மெல்லிய உடல்களில் அதில் பாதி அளவு சாதாரணம்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளிகள் அணைந்தே இருக்கும், வெள்ளைப் புள்ளிகள் மின்சாரத்தைக் குடிக்கும். இரவில் படம் பார்ப்பவருக்கு அது சொர்க்கம். நாள் முழுவதும் வெள்ளைப் பின்னணியில் ஆவணம் எழுதுபவருக்குச் செலவு கூடுதல். குறைந்த வெளிச்சத்தில் சில ஓஎல்இடி திரைகள் துடித்து ஒளிர்வதால் சிலருக்குக் கண் வலிக்கும். உங்களுக்கு வலிக்குமா என்பதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

14 அங்குலத் திரைக்கு 2560 × 1600 அளவுக் கூர்மை எழுத்துகளுக்குத் தாராளமாகப் போதும். 4கே கேட்பவர்களிடம், அதில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று எப்போதும் கேட்பேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை.

7. கை படும் இடங்களையும் இணைப்புத் துளைகளையும் சோதியுங்கள்

மெலிவுக்காக முதலில் பலியாவது விசைப்பலகை. ஆப்பிள் 2015இல் 12 அங்குல மேக்புக்கில் மிகக் குறைந்த ஆழமுள்ள பட்டாம்பூச்சி வகை விசைகளைக் கொண்டுவந்தது. சிறு துகள் உள்ளே போனாலும் விசை சிக்குகிறது என்ற புகார்கள் குவிந்தன. 2019இல் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் மீண்டும் கத்தரி வகை விசைகளுக்கு, 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் திரும்பியது. அதிகம் எழுதுபவர்கள் 1.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தை நேரில் தட்டிப் பார்க்காமல் ஏற்க வேண்டாம். இரண்டு சொற்கள் தட்டினால் போதாது, ஒரு முழுப் பத்தியைத் தட்டுங்கள். முன்விளிம்பு மணிக்கட்டை அறுக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

மேல்மூடி மெலிந்தால் கேமராவுக்கு இடம் இருக்காது. டெல் எக்ஸ்பிஎஸ் 13 மெல்லிய சட்டத்துக்காகப் பல மாதிரிகளில் கேமராவைத் திரைக்குக் கீழே வைத்திருந்தது. எதிரில் இருப்பவருக்கு முகத்துக்கு முன் மூக்குத் துளை தெரிந்தது. 2019 மாதிரியில்தான் 2.25 மில்லிமீட்டர் கேமரா ஒன்றை உருவாக்கி மேலே கொண்டுவந்தார்கள். காணொளி அழைப்புகள் அதிகம் என்றால் கேமராவை இயக்கிப் பாருங்கள்.

கம்பி செருகும் இணைப்புத் துளைகளில் ஏமாற்றம் சகஜம். யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. ஒன்று விநாடிக்கு 5 கிகாபிட் கடத்தும், அதே வடிவத்தில் தண்டர்போல்ட் 4 துளை 40 கிகாபிட் கடத்தும். சில துளைகள் வெளித்திரைக்குப் படம் அனுப்பா, சில சார்ஜ் ஏற்றா. வெளித்திரை எத்தனை இணைக்கலாம் என்பதையும் பாருங்கள்: எம்1, எம்2 மேக்புக் ஏர்களில் அதிகாரபூர்வமாக ஒன்றுதான். இரண்டு துளைகளும் ஒரே பக்கம் இருந்தால், சார்ஜர் கம்பி எப்போதும் மேசையைச் சுற்றி வரும்.

இணைப்புப் பெட்டி ஒன்றை எப்போதும் சுமக்க வேண்டியிருந்தால் அதையும் இரண்டாம் படியின் தராசில் ஏற்றுங்கள்.

8. இப்போது அழகைப் பாருங்கள்

பட்டியலில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். இனி நிறம், வளைவு, மூடியைத் திறக்கும் உணர்வு எல்லாவற்றையும் கண்ணும் கையும் தீர்மானிக்கட்டும். தினமும் பல மணி நேரம் பார்க்கும் பொருள் அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புவதில் எந்தத் தவறும் இல்லை. பிடித்த கணினியைப் பத்திரமாகவும் வைத்துக்கொள்வோம்.

ஆனால் அழகிலும் நீடிக்கும் அழகு, காட்சி அழகு என இரண்டு உண்டு. கறுப்பு, கருநீல உலோகத்தில் விரல்ரேகை படியும். விளிம்புகளில் பூச்சு உரிந்தால் அடியில் உள்ள வெள்ளி நிறம் பளிச்சென்று தெரியும். வெள்ளி நிறத்தில் கீறல் மறைந்துவிடும். ஒரு கையால் மூடியைத் திறந்து பாருங்கள், அடிப்பாகம் கூடவே எழும்பினால் கீலின் இறுக்கம் சரியில்லை. விசைப்பலகையின் நடுவை அழுத்துங்கள், குழிந்தால் மெலிவுக்காக உறுதி குறைக்கப்பட்டிருக்கிறது.

9. முதல் வாரத்தில் கணினியைக் கடுமையாகச் சோதியுங்கள்

பலர் புதுக் கணினியை முதல் வாரம் மெதுவாகப் பழகிக்கொள்கிறார்கள். குறைகளைக் கண்டுபிடிக்க அவகாசம் இருக்கும் ஒரே வாரம் அது. முதல் நாள் புதுப்பிப்புகள் எல்லாம் பின்னணியில் ஓடி முடியட்டும், அப்போது அளந்தால் எண்கள் பொய் சொல்லும். இரண்டாம் நாள் தொடங்குங்கள்.

செயலியின் வேகத்தை எண்ணாகச் சொல்லும் சினிபெஞ்ச் போன்ற இலவசச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டி எண்ணைக் குறியுங்கள். இடைவெளி விடாமல் இன்னும் இரண்டு முறை ஓட்டுங்கள். மூன்றாம் எண் முதலாவதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவது இயல்பு. மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், உங்கள் வேலை நீண்டதா என்று முதல் படிக் குறிப்பைத் திறந்து பாருங்கள். வரைகலைக்கு 3டிமார்க்கின் அழுத்தச் சோதனை உண்டு. 20 சுற்று ஓட்டி, நிலைத்தன்மை 97 சதவீதம் இருந்தால் தேர்ச்சி என்று அதுவே சொல்லும்.

அடுத்து உங்கள் சொந்த வேலை. குறிப்பேட்டில் இருக்கும் மிகக் கனமான வேலையைச் சார்ஜருடன் ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை செய்து நேரம் பாருங்கள். சில கணினிகள் சார்ஜரைப் பிடுங்கியதும் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ளும். விவரப் பட்டியல் இதைச் சொல்வதே இல்லை.

இரவு அமைதியான அறையில் காதைக் கணினிக்கு அருகே கொண்டுபோங்கள். மின்சுருள்களின் மெல்லிய கீச்சொலி கேட்டால் அது பழகிப் போகும் என்று நினைக்காதீர்கள். திரையை முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி இறந்த புள்ளிகளைத் தேடுங்கள். அன்றாடச் சாமான்கள் எல்லாவற்றோடும் பையில் வைத்து ஒரு முழு நாள் சுமந்து வாருங்கள்.

எது தோற்றாலும், அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே திருப்பிக் கொடுங்கள். அதுவரை பெட்டியையும் உறைகளையும் கிழிக்காமல் வைத்திருங்கள்; மூடியில் ஒட்டுப்படமோ திரையில் பாதுகாப்புத் தாளோ ஒட்ட வேண்டாம்.